முப்பத்தொன்றுக்கு ஏழு மார்க்

எங்கள் பண்ணையில் மார்க் வாங்காமல் இருப்பதுதான் பெருமை. பூச்சியம் வாங்கினால் அந்தப் பருத்தி ரகம் ராஜா. ஒன்பது வாங்கினால் கதை முடிந்தது. மார்க் போடுகிறவள் நான். பூஞ்சணம் இலையில் வைக்கிற புள்ளிகளை எண்ணி மார்க் போடுவதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு. அதனால் பண்ணை முழுக்க எனக்குப் புள்ளியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. சோதனை வயலில் பத்து வரிசைக்கு ஒரு வரிசை, சட்டென்று நோய் பிடிக்கிற பழைய ரகம் ஒன்றை வேண்டுமென்றே நடுவோம். அதற்குச் சீக்கு வரிசை என்று பெயர். அறுபதாம் நாள் சாயங்காலம், இலை ஈரமாக இருக்கிற நேரம் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூஞ்சண வித்துகளைத் தண்ணீரில் கலந்து, எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்க எல்லாச் செடிகளுக்கும் தெளிப்போம். உலகமே நோயை விரட்ட மருந்தடிக்கிறது. நாங்கள் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு நோயை அடிக்கிறோம். தொண்ணூறாம் நாள் நான் வயலில் இறங்குவேன். ரகங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யார் உருவாக்கியது என்ற பட்டியல் இயக்குநர் அம்மாவின் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். என் கையில் எண்ணும் கருவி இருக்கும், ஒரு புள்ளிக்கு ஒரு அழுத்து. ஒரு இலையில் நூறு புள்ளியைத் தாண்டினால் ஏழு மார்க். ஏழும் அதற்கு மேலும் வாங்கியது கழிவு. மார்க் போடும் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, நானும் அப்படியே போட்டுவந்தேன்.

என்னைப் போல வேகமாக எண்ண இங்கே ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

என் தங்கையும் இதே பண்ணையில்தான் வேலை பார்க்கிறாள். ரகத்தோடு ரகத்தைக் கலக்கிறவள். சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து, சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவாள். மறுநாள் காலையில் வேறொரு பூவின் மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தொட்டு வைப்பாள். ஒன்பது வருஷம் முன்னால் ஒரு காட்டுப் பருத்திப் புதரைப் பிடித்துக்கொண்டாள். காய் கோலிக்குண்டு அளவு, பஞ்சு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தப் புதருக்கு மட்டும் இலைப்புள்ளி நோயே வராது. அந்தக் குணத்தை நல்ல பஞ்சு தருகிற செடிக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வருஷா வருஷம் ஆயிரம் மொட்டு, ஆயிரம் சிவப்பு நூல். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். அவள் துணியைத் துவைக்கப் போட்டால் வாளித் தண்ணீரில் நூல்துண்டுகள் மிதக்கும்.

பருவம் முடிகிற நேரத்தில் ஒரு திங்கட்கிழமை, கூட்ட அறையில் பட்டியலைத் திறந்தார்கள். இயக்குநர் அம்மா எண்ணையும் மார்க்கையும் படிக்கப் படிக்க, உருவாக்கியவர் பெயரை எழுத்தர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"முப்பத்தொண்ணு. மார்க் ஏழு. கழிவு."

எழுத்தர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் தங்கையின் பெயரைச் சொன்னார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

கழிவு என்றால் எங்களிடம் இரண்டாம் பேச்சு கிடையாது. விதை அறையில் இடம் பற்றாது. விதையில் விஷ மருந்து பூசியிருப்பதால் எண்ணெய்க்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கழிந்த ரகங்களின் மூட்டைகள் டிராக்டரில் ஏறிக் கொதிகலனுக்குப் போகும். இந்த விதியை எழுதியவர் எங்கள் புள்ளிவிவரக்காரர். எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பதால் அவருக்குச் சராசரி என்றே பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் எண்ணைத் தவிர எதையும் நம்பமாட்டார். டிராக்டரை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். ஆக, எரிக்கச் சொல்லி மார்க் போட்டது அக்கா, எரிக்கக் கொண்டுபோவது அக்கா புருஷன். நல்ல குடும்பம்.

அன்று சாயங்காலத்திலிருந்து தங்கை என்னோடு பேசவில்லை. எல்லாம் என் வீட்டுக்காரர் வழியாகத்தான்.

"மாமா, குழம்புல உப்பு கம்மின்னு சொல்லுங்க."

"ஏங்க, உப்பு டப்பா அவ கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க."

அவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "எனக்குக் கழுத்து வலிக்குது, ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்குங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அவள்மேல் கோபம்தான். நான் என்ன, பட்டியலைப் பார்த்தா மார்க் போட்டேன்? எண்ணினேன், போட்டேன். தங்கச்சி என்பதற்காகப் புள்ளி குறைந்துவிடுமா? செவ்வாய்க்கிழமை காலையில் இதையே முணுமுணுத்துக்கொண்டுதான் வயலுக்குப் போனேன். கடைசிப் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது.

பஞ்சு எடுக்கிற பெண்கள் வரிசைக்கு ஒருத்தியாக இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் திட்டிக்கொண்டே எடுத்தாள்.

"இந்த வரிசையை எனக்கு யார் ஒதுக்குனது? இலையே உதிரல. காயை எங்கன்னு தேடுறது? பஞ்செல்லாம் சருகா ஒட்டுது."

"எது?"

"இதுதான் புள்ளியக்கா. முப்பத்தொண்ணு."

பார்த்தேன். சுற்றிலும் சீக்குப் பிடித்த செடிகள் மொட்டைக் குச்சியாக நின்றன. அதற்கு நடுவே முப்பத்தொன்று மட்டும் அடி முதல் நுனி வரை இலையோடு பச்சையாக நின்றது. ஏழு மார்க் வாங்கிய செடிக்கு இந்த நேரத்தில் பத்து இலைகூட மிஞ்சக்கூடாது. பத்தொன்பது வருஷம் பார்த்த கண்ணுக்கு அது தெரியும்.

ஒரு இலையைப் பறித்து உருப்பெருக்கியை வைத்தேன். புள்ளி இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கும் மேல். நான் தப்பாக எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கடுகில் பாதி. பக்கத்துச் சீக்கு வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு இலையைப் பறித்துப் பார்த்தேன். அதில் முப்பது புள்ளிதான், ஆனால் ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. வட்டத்துக்குள் வட்டம், நடுவில் ஓட்டை. நோய் என்றால் அதுதான். அது பரவும், வளரும், இலையைத் தின்று தீர்க்கும். முப்பத்தொன்றில் இருந்தது வேறு. பூஞ்சணம் உள்ளே நுழைந்த இடத்தில் இலையே தன்னைத் துளி அளவு சாகவிட்டு, அதற்குமேல் போகவிடாமல் கதவைச் சாத்திவிட்டிருக்கிறது. தொண்ணூறாம் நாள் எந்த அளவில் பார்த்தேனோ, இன்றைக்கும் அதே அளவு.

சண்டை போட்டு ஜெயித்த தழும்பை ஒவ்வொன்றாக எண்ணி, நீ தோற்றுவிட்டாய் என்று ஏழு மார்க் போட்டிருக்கிறேன். அட்டை எண்ணு என்றுதான் சொன்னது, அளந்து பார் என்று சொல்லவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நின்று ஒரு இலையைப் பார்க்க நேரமில்லாமல் அப்படி என்ன வேகம்?

இயக்குநர் அம்மாவின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அங்கே சராசரியும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, முப்பத்தொண்ணுக்கு நான் போட்ட மார்க் தப்பு."

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சராசரி பேனாவை மூடினார்.

"பட்டியலைத் திறந்த மறுநாள் சொல்றீங்க. தங்கச்சி ரகம்னு தெரிஞ்சதுக்கப்புறம்" என்றார் சராசரி.

"ஆமா. அப்புறம்தான் பார்த்தேன். முன்னாடி பார்த்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்."

"ஊர் என்ன பேசும்?"

"என்ன வேணும்னாலும் பேசட்டும் சார். இலை பொய் சொல்லாதுல்ல?"

"இலை உதிராததுக்கு நூறு காரணம் இருக்கலாம். தண்ணி அதிகமா பாஞ்சிருக்கலாம், உரம் சேர்ந்திருக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"அப்ப ஒண்ணு செய்வோம். முப்பத்தொண்ணுல பத்து இலை, சீக்கு வரிசையில பத்து இலை. நான் தொடல, அம்மாவே பறிக்கட்டும். ஈரத்தாள் போட்ட கண்ணாடித் தட்டுல வெச்சு மூடி வெப்போம். உசுரோட நோய் இருந்தா மூணு நாள்ல புள்ளிமேல கறுப்புப் பொடி பூக்கும். இல்லேன்னா பூக்காது. எந்தத் தட்டு எதுங்கிறதை அடியில எழுதி ஒட்டிருங்க. ஆய்வுக்கூடச் சாவி சார்கிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில நான் வந்து மேலாகப் பார்த்துப் பிரிக்கிறேன்."

"தப்பாப் பிரிச்சா?"

"மூட்டையை நானே கொதிகலன்ல தூக்கிப் போடுறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் இதுவரை என் தலையைத்தான் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தங்கையின் ஒன்பது வருஷத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்பது வெளியே வந்து படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. தங்கை தட்டை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. எனக்காக யாரும் பொய் மார்க் போட வேண்டாம்னு."

இந்தத் தடவை நான் அவர் வழியாகப் பேசவில்லை.

"பொய் மார்க் ஏற்கெனவே போட்டாச்சுடி. நிஜ மார்க் என்னன்னு இப்பதான் தேடிட்டிருக்கேன்."

அவள் சாப்பிடாமல் எழுந்து போய்விடவில்லை. எனக்கு அதுவே பெரிது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இயக்குநர் அம்மா, சராசரி, நான். கதவோரம் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சன்னல் வழியாக வெளியே டிராக்டர் தெரிந்தது. பின்வண்டியில் பதினாலு மூட்டைகள் ஏறியிருந்தன. என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குள் தலையை விட்டு எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டிக்குக் காலையிலிருந்து என்னென்னவோ வியாதி.

மேசையில் இருபது கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தேன். முதல் தட்டில் புள்ளிகள்மேல் அடுப்புக்கரி தூவியது போலக் கறுப்பு. இடப்பக்கம் வைத்தேன். இரண்டாவதில் கறுப்பே இல்லை, புள்ளி புள்ளியாகவே இருந்தது. வலப்பக்கம். கடைசியில் இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஒன்பது.

எண்ணிக்கையைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. சராசரிக்கும் புரிந்தது.

இயக்குநர் அம்மா தட்டுகளைத் திருப்பிப் படித்தார். வலப்பக்கம் ஒன்பதும் முப்பத்தொன்று. இடப்பக்கம் பத்து சீக்கு வரிசை. அதே பக்கம் ஒன்று, முப்பத்தொன்று.

"ஒரு இலையில பூத்திருக்கு. ஒண்ணுல பூத்தா நாளைக்கு எல்லாத்துலயும் பூக்கும்" என்றார் சராசரி. மெதுவாகத்தான் சொன்னார்.

தங்கை கதவை விட்டு நகரவில்லை.

அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கறுப்பு இருந்தது உண்மை. ஆனால் புள்ளிமேல் இல்லை. காம்பை வெட்டிய முனையில் இருந்தது. திரும்பவும் அதே புத்தி. கறுப்பைக் கண்டவுடன் கை முந்திக்கொண்டு இடப்பக்கம் தள்ளிவிட்டது, எங்கே இருக்கிறது என்று கண் பார்க்கவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சார், இது நம்ம நோய்தானான்னு பாருங்க. நான் பார்த்தா தங்கச்சிக்காகப் பேசுறேன்னு ஆகும். நீங்களே பாருங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரிய வேண்டியதே இல்ல. அந்தச் சுவத்துல படம் மாட்டியிருக்கு பாருங்க. நம்ம நோயோட வித்து, குண்டுத் தடிக்கு நீளமா வால் வெச்ச மாதிரி இருக்கும். மத்த பூஞ்சணத்துக்கு வால் கிடையாது. செத்த காம்புல எது வேணும்னாலும் முளைக்கும். வால் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

காம்பு முனையிலிருந்து ஒரு துளிப் பொடியை இயக்குநர் அம்மாவே கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்தார். சராசரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். திருகினார். தலையை எடுத்துச் சுவரைப் பார்த்தார். மறுபடி வைத்தார். அந்த மனிதர் பொறுமையாக எண்ணுகிறவர், அன்றைக்குப் பார்த்து இன்னும் பொறுமையாக எண்ணினார். நாற்பது வித்துகள்.

"வால் இல்ல" என்றார்.

இன்னொரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தார்.

"நாப்பதுல ஒண்ணுக்குக்கூட வால் இல்ல. எல்லாம் உருண்டை."

அதோடு விடவில்லை. மற்றப் பத்தொன்பது தட்டுகளையும் தானே பார்ப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். மணி பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. வெளியே டிராக்டரின் எந்த உறுப்பு கழற்றப்படாமல் மிச்சம் இருந்ததோ தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சராசரி நிமிர்ந்தார். சீக்கு வரிசையின் பத்திலும் வால். முப்பத்தொன்றின் பத்தில் ஒன்றில்கூட வால் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் பூட்டிய கதவாகவே இருந்தது.

"இதுக்குச் சராசரி எடுக்க வேண்டிய அவசியமே இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அந்தப் பண்ணையில் யாரும் கேட்டதில்லை.

இயக்குநர் அம்மா பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். ஏழு என்பதை அடித்துவிட்டுப் பூச்சியம் என்று எழுதினேன். பக்கத்தில், எண்ணியது சரி, புரிந்துகொண்டது தப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசு நிறைந்து வழிந்தது. ஜெயித்தது நான் இல்லை, செடி. அந்தச் சந்தோஷத்துக்குக் கணக்கே இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லியாகணும்" என்றார் சராசரி. அதற்குள் பழையபடி ஆகிவிட்டிருந்தார். "அடுத்த வருஷம் இந்த ரகத்துக்கு மார்க் வேற யாராவது போடட்டும். ஒரு தடவை தப்பாயிடுச்சு, அதோட சொந்தமும்கூட."

சரி என்று தலையாட்டத்தான் எனக்குத் தோன்றியது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இதுபோல எத்தனை செடிக்கு ஏழு போட்டுக் கொதிகலனுக்கு அனுப்பினேனோ. அவற்றுக்காகப் பேச ஒரு தங்கை இருந்திருக்கமாட்டாள்.

"சார் சொல்றது சரிதான். வேற ஆளே போடட்டும். நான் எத்தனை நல்ல ரகத்தை எரிச்சேனோ, எனக்கே தெரியாது" என்றேன்.

"அதெல்லாம் முடியாது."

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. நாலு நாளுக்கு அப்புறம் அவள் குரல் நேராக என்னை நோக்கி வந்தது.

"என் ரகத்துக்கு அக்காதான் மார்க் போடணும். மத்தவங்க தப்பு பண்ணா மூடி மறைப்பாங்க. இவ ஓடி வந்து தானே சொன்னா, அதுவும் எல்லார் முன்னாடியும். அடுத்த வருஷம் இவ ஒன்பதே போட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மா, எழுதிக்குங்க."

இயக்குநர் அம்மா எழுதிக்கொண்டார். அட்டையில் புள்ளியின் எண்ணிக்கையோடு அளவையும் சேர்க்க வேண்டும் என்று சராசரியிடம் அப்போதே உத்தரவும் போட்டார். எனக்கு எதுவும் காதில் சரியாக விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தக் கூடத்தில் ஈரத்தாளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு பேரும் வெளியே ஓடினோம். பின்வண்டியில் ஏறி முப்பத்தொன்று என்று எழுதிய மூட்டையைத் தேடி எடுத்தாள். ஆறு கிலோதான் இருக்கும். ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு ரெண்டு ஆளா?" என்றார் என் வீட்டுக்காரர், கையெல்லாம் எண்ணெயோடு.

"ஆமா மாமா. கீழ விழுந்தா யார் மறுபடி ஒன்பது வருஷம் குனியறது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பார்த்துப் பிடி, அக்கா" என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேருமாக அதை விதை அறைக்குக் கொண்டுபோய், அடுத்த பருவத்தில் பெரிய வயலுக்குப் போகிற ரகங்களின் அடுக்கில் வைத்தோம்.